வெறுங்கை

உறை போடாமல் இனி ஒருவரும் வண்டியில் கை வைக்கக் கூடாது என்று மேஸ்திரி பிரம்மநாயகம் சொன்னபோது, ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் வேதமுத்து நினைத்தான்.

மறுநாள் பம்பாய் சயான் ஒர்க்‌ஷாப்பின் நான்கு மெக்கானிக்குகளுக்கும் தடித்த கான்வாஸ் கையுறைகள் வந்துவிட்டன. மேஸ்திரியே வாங்கி வந்திருந்தார்.

"சேட் சொன்னாரா அண்ணாச்சி?" என்று கேட்டான் வேதமுத்து.

"நான்தான் சொல்லுதேன். போட்டா வேலை. இல்லைன்னா வீடு."

அறுபத்து நான்காம் வருஷத்து மே மாதம். உறைக்குள் கை வெந்தது. சின்ன திருகாணிகள் பிடியில் நிற்காமல் நழுவின. அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. டாக்ஸிக்காரர்கள் வாசலில் நின்று, உள்ளே ஃபியட்டுக்குப் பிரசவம் நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள்.

வேதமுத்துவுக்குத்தான் அதிக எரிச்சல். பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரல் நுனியால் தடவியே சொல்கிறவன் அவன். உறை போட்ட பிறகு, அவனும் மற்றவர்களைப் போல டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

காரணம் கேட்டால் மேஸ்திரி பதில் சொல்வதில்லை. வெக்கை தாங்காமல் உறையைக் கழற்றிய அப்துல் வாஹிதை அன்று ஒரு நாள் வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். கையுறைக் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கும் என்று நாணு சொன்னான். எல்லோரும் அதை நம்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நாணுவின் உறையிலிருந்து நழுவிய ஒரு நட்டு, மாட்டுங்கா வக்கீல் ஒருவரின் ஹில்மன் கார் என்ஜினுக்குள் போய்விட்டது. என்ஜின் இறுகிப்போய், வண்டி செம்பூர் நாக்கா சந்திப்பில் நின்றது.

முதலாளி சேட் மேஸ்திரியைக் கூப்பிட்டு, எதற்கு இந்த உறை என்று கேட்டார்.

வேலை செய்கிறவன் கை சுடக் கூடாது என்றார் மேஸ்திரி.

பதினெட்டு வருஷமாகச் சுடாத கையா இப்போது சுடுகிறது என்று கேட்டார் சேட்.

வேதமுத்து டைப் அடிக்கிற ஒருவரைப் பிடித்து இங்கிலீஷில் மனு தயார் செய்தான். மேஸ்திரிக்குத் தொழில் மறந்துவிட்டது, அவர் இருந்தால் ஒர்க்‌ஷாப் கெட்டுப்போகும் என்று அதில் இருந்தது. சேட் படித்துப் பார்த்தார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால் மேஸ்திரியை அனுப்பிவிடுவதாகவும், ஒரு கையெழுத்து குறைந்தாலும் அவரே இருப்பார் என்றும் சொன்னார்.

மூன்று கையெழுத்து உடனே விழுந்துவிட்டது. இசக்கிப்பாண்டி மட்டும் இரண்டு நாளாக இழுத்தான். தாராவியிலிருந்து வருகிறவன். அதிகம் பேச மாட்டான்.

மூன்றாம் நாள் வேலைக்கு நடுவே டீக்கடையில் வைத்து வேதமுத்து அவனைப் பிடித்துக்கொண்டான்.

"என்னலே, உனக்கு மட்டும் உறை இனிக்குதோ?"

"அவர் பெரிய மனுசன் அண்ணாச்சி. பிழைப்பைக் கெடுக்கணுமா?"

"எங்க மூணு பேரு கையும் வேகுது. உன் கை மட்டும் என்ன செஞ்சு வச்சிருக்கு?"

இசக்கிப்பாண்டி சட்டென்று பேனாவை வாங்கிக்கொண்டான். முஷ்டியில் பிடித்து, உறையோடேயே எழுதப் போனான்.

"அப்படியே போடுல" என்று வேதமுத்து சிரித்தான். "ஒரு பேரு எழுத என்ன பாடு படுதோம்னு சேட்டும் பாக்கட்டும்."

கையெழுத்து கோணலாக விழுந்தது.

அன்று மாலை சேட் மனுவை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வேதமுத்துதான் மேஸ்திரி. முதல் வேலையாக எல்லோருடைய உறைகளையும் வாங்கி மூலையில் வீசினான். இசக்கிப்பாண்டியிடம் கேட்கக்கூட இல்லை, கையிலிருந்து உருவிக்கொண்டான்.

பத்து மணிக்கு ஒரு டாக்ஸி ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. இசக்கிப்பாண்டியைப் பார்க்கச் சொன்னான் வேதமுத்து.

இசக்கிப்பாண்டி பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் பிடித்துத் திருகினான். தொட்ட உடனே விட்டுவிட வேண்டிய சூடு. அவன் விடவில்லை. கொதிநீர் சீறி மணிக்கட்டு வரை கொட்டியது.

டிரைவர் பதறிப் பின்னால் குதித்தார். நாணு கத்தினான். இசக்கிப்பாண்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்குக் கத்துகிறார்கள் என்பதுபோல அவர்களைப் பார்த்தான்.

வேதமுத்து ஓடிவந்தான். வெந்த தோலைப் பார்த்தான். பக்கத்திலேயே ஆறாத பழைய காயங்கள். இசக்கிப்பாண்டியின் முகத்தில் வலியே இல்லை.

"பெருவியாதியா? குஷ்டமா?"

இசக்கிப்பாண்டி தலையாட்டினான்.

"எப்போ இருந்து?"

"மூணு மாசமா தெரியும். ஆஸ்பத்திரில மாத்திரை தாராவ. யாருக்கும் ஒட்டாதாம். கையில உணர்ச்சி இல்ல, உறை இல்லாம வேலை செய்யாதேன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஒருத்தன் மட்டும் போட்டா எல்லாரும் கேப்பாவன்னு, பிரம்மநாயகம் அண்ணாச்சிதான் எல்லாருக்கும்..."

மூடியை மெல்லக் கீழே வைத்தான்.

வேதமுத்து மெல்லப் பின்னால் நகர்ந்தான். மூலைக்குப் போய், கிடந்த உறைகளில் ஒரு ஜோடியைத் தேடி எடுத்தான்.

அதைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டு வந்துதான், இசக்கிப்பாண்டியின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினான்.