சுவரில் பேசும் மாப்பிள்ளை

ரங்கராசு அதிகம் பேசாதவன். ஆனால் அவன் வேலை பார்த்த கிரைண்டர் கம்பெனி அவன் முகத்தை வைத்துச் செய்த வீடியோ உருவம், ஒரே நேரத்தில் ஆயிரம் வீட்டுச் சுவர்த்திரைகளில் தோன்றி வாய் ஓயாமல் பேசி விற்றது.

இதனால் இரண்டு இடங்களில் சம்பந்தம் தட்டிப்போனது. "வீடியோல வர்றவரை அனுப்புங்க" என்றார்கள். மூன்றாவதாக, பெற்றோருடன் யாழினியைப் பெண் பார்க்கப் போனான். அவளைப் பார்த்ததும் இந்த இடமாவது அமைய வேண்டுமே என்றிருந்தது.

"உங்களுக்கு ஏலக்காய் ஆகாதுன்னு சொன்னீங்களே தம்பி, அதான் போடலை" என்று யாழினியின் அம்மா தெய்வானை கேசரியை நீட்டினாள். சொன்னது சுவர் உருவம். ரங்கராசுவுக்கு ஏலக்காய் என்றால் உயிர். பேசாமல் சாப்பிட்டான்.

"சுவத்துல அத்தனை பேசுவீங்க. இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் தெய்வானை.

அப்போது சுவர் ஒளிர்ந்தது. அவன் முகமே சிரித்தது.

"வணக்கமுங்கம்மா. மாப்பிள்ளை வந்தாச்சுங்களா? எப்படி?"

"உம்முன்னு உக்காந்திருக்காரு தம்பி."

"அப்ப யோசிச்சுப் பண்ணுங்கம்மா. சத்தமே வராத கிரைண்டரை நான் வாங்கச் சொல்லமாட்டேன்."

யாழினி எழுந்து போய்ச் சுவர்த்திரையின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறு மாசமா இந்த வாயைத்தான் கேட்டுட்டு இருக்கோம். எனக்கு இவரே போதும்மா" என்றாள்.

ரங்கராசு தொண்டையைச் செருமினான்.

"எனக்கு ஏலக்காய் புடிக்குமுங்க."