ஒரு பொட்டுத் துரு

டூலிக்கி மூன்றாவது முறையாக ஜீப்புக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஒரே திகைப்பு.

“ஒரு பொட்டுத் துரு இல்லையே!” என்றார்.

தைஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பன் என்சியோவை முழங்கையால் இடித்தான். பின்னே, பதினொரு வருடச் சனிக்கிழமைகளின் உழைப்பு அல்லவா!

டூலிக்கி பழைய வண்டிச் சங்கத்தின் பரிசோதகர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ‘பாரம்பரிய வண்டி’ என்ற சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால்தான் நடுக்கோடைத் திருநாள் ஊர்வலத்தில் ஜீப்பை ஓட்ட முடியும்.

ராணுவம் கழித்துக்கட்டிய அந்த ஜீப்பை அறுபத்து நாலில் ஏலம் எடுத்தவர் தைஸ்தோவின் அப்பா ஆர்னே. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரை வரை ஓட்டப்போவதாக தைஸ்தோ ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. அவருக்கோ தொண்ணூற்றிரண்டு வயது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வயதில்லை.

வேலை நடந்த அழகையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் பிரேக்கை மட்டும் சரிசெய்வதாகத்தான் பேச்சு. ஆனால் என்சியோ ஓய்வுபெற்ற வெல்டர். எங்கேயாவது துருவைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி இறங்காது.

“பிரேக்கை மாத்திட்டு இந்த ஓட்டைத் தகட்டை அப்படியே விடுவியாடா? அசிங்கமா இல்ல?” என்றான்.

தகடு மாறியது. புதுத் தகட்டுக்குப் பக்கத்தில் பழைய கதவு பல்லிளித்தது. கதவும் மாறியது. கதவு பளபளக்கும்போது இருக்கை மட்டும் கிழிந்து கிடக்கலாமா? ஹெல்சிங்கியிலிருந்து பார்சல் பார்சலாகச் சாமான் வந்தபடி இருந்தது. வேலை முடிந்ததும் நண்பர்கள் நீராவிக் குளியலுக்குப் போய், வெந்துகொண்டே அடுத்த வாரம் எதைக் கழற்றலாம் என்று பேசுவார்கள்.

“உங்களைப் பாத்தாலே அந்த வண்டி ஓடிப் போயிருக்கும். பாவம், சக்கரத்தையும் கழட்டி வச்சுட்டீங்க” என்பாள் தைஸ்தோவின் மனைவி சிர்க்கா, காபியை வைத்தபடி.

மூன்றாவது நண்பன் ரவுனோ. அவனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்பது மற்ற இருவரின் தீர்ப்பு. அதனால் கழற்றியதைக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டும் உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தான். ஒரு வாஷரைக்கூட விடாமல் பொறுக்கி, கம்பளியில் சுற்றி எடுத்துப்போவான். இல்லாவிட்டால் அவன் வேன் அழுக்காகிவிடுமாம்.

“குப்பைக்குப் போறதுக்குக் குளிருமாடா? போர்வை போத்துற!” என்று என்சியோ கிண்டலடிப்பான். ரவுனோவும் சேர்ந்து சிரிப்பான்.

இன்றைக்குக் கூப்பிட்டபோதும், “நான் வந்து என்ன கிழிக்கப்போறேன், நீங்களே பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டான். அதுவும் நல்லதுதான் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

டூலிக்கி பேனாவைத் திறந்தார்.

“எஞ்சின்?”

“புதுசு!” தைஸ்தோ நெஞ்சை நிமிர்த்தினான்.

“கதவு?”

“புதுசு.”

“சீட்டு?”

“போன வருஷம் போட்டது. தொட்டுப் பாருங்க, சும்மா வெண்ணெய் மாதிரி இருக்கும்!”

“சேஸிஸ்?”

“அதுலதாங்க எக்கச்சக்கத் துரு” என்று முந்திக்கொண்டான் என்சியோ. “தூக்கிக் கடாசிட்டு நானே புதுசா செஞ்சேன். பழசுல இருந்த நம்பரையும் பிசகாம இதுல வெட்டிட்டேன்.”

டூலிக்கி பேனாவை மூடிவிட்டார்.

“பழைய வண்டின்னு சான்றிதழ் கேட்டுட்டு புது வண்டியைக் காட்டுறீங்களே! உங்க ரெண்டு பேரைத் தவிர இங்க பழசுன்னு எதாவது இருக்கா?”

தைஸ்தோ ஓடி வந்து ஜீப்பின் மேல் கை வைத்தான். “ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. இது எங்க அப்பா வண்டிங்க! முட்டளவு பனியிலயும் என்னை இதுலதான் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுவார்.”

“இதுலயா?”

தைஸ்தோ ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பா பிடித்த ஸ்டியரிங் இல்லை. அவர் ஓங்கிச் சாத்தும் கதவு இல்லை. தன் கையாலேயே எல்லாவற்றையும் ஒவ்வொரு துண்டாகக் குப்பைக்கு அனுப்பிவிட்டோமே என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என்சியோ விடவில்லை. “நம்பர் இருக்குல்ல? உங்க பதிவேட்டுல பாருங்க! அது ஆர்னே பேர்லதான் இருக்கும்.”

வேண்டாவெறுப்பாக டூலிக்கி பதிவேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. ஜீப்பின் நம்பரை ஒருமுறை பார்த்தார், ஏட்டை ஒருமுறை பார்த்தார்.

“அட, இந்த நம்பருக்குத்தான் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேனே! துரு, கீறல், கிழிஞ்ச சீட்டு, எல்லாம் அப்படியே இருந்துச்சு. எஞ்சின் என்னமா ஓடுச்சு தெரியுமா!”

“யா... யார் கொண்டுவந்தா?”

“ரவுனோன்னு ஒருத்தர் ஓட்டிட்டு வந்தார். பக்கத்துல உங்க அப்பாதான் உக்காந்திருந்தார்.”