ரவாங் வரைக்கும்

"ஞாயித்துக்கிழமை ஆனா போதும், உன் பொண்டாட்டி பவுடர் பூசிக்கிட்டுக் கிளம்பிடறா. நீ வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கறதில்ல?"

கிள்ளானில் தம்பி வீட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டாள் கோமளா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கிஷன் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். ஜனனிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவில் முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"பிரிக்பீல்ட்ஸ்ல சாமான் வாங்கப் போறாக்கா. வாரம் பூரா ஆஸ்பத்திரியிலயே கிடக்கறா. போய்ட்டு வரட்டும் லா."

"சாமான் வாங்க அரை நாளா? அவமானம் வீடு தேடி வரும், அப்பத் தெரியும் உனக்கு!"

கோமளா ஸ்டேஷனுக்கு ஓடினாள். தம்பி மனைவி ரூபிணி ஏறிய அதே கொமியூட்டர் ரயிலில், அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டாள். நடுவில் நல்ல கூட்டம். ரூபிணியின் தோள் மட்டும் தெரிந்தது.

பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய சென்ட்ரல் வந்தது. ரூபிணி எழவேயில்லை.

'நெனச்சேன்!'

கோலாலம்பூரைத் தாண்டி ரவாங்கில்தான் ரூபிணி இறங்கினாள். கோமளா தூணுக்குப் பின்னால் நின்று கைபேசியில் கேமராவைத் திறந்தாள். எவன் வந்தாலும் தம்பிக்குக் காட்டிவிட வேண்டும்.

யாரும் வரவில்லை.

ரூபிணி எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலுக்காக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே தலை சரிந்தது.

கோமளாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே எதிரில் போய் நின்றாள்.

"யாருக்காக உக்காந்திருக்கே?"

ரூபிணி பதறி எழுந்தாள். "அண்ணி! ஜனனிக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உனக்கு இங்க என்ன வேலை?"

"தூங்க வந்தேன் அண்ணி."

"என்னது?"

"வர்றப்ப ஒரு தூக்கம், போறப்ப ஒரு தூக்கம். ரயில்ல என்னை யாருக்கும் தெரியாது."

"ஏன், வீட்டுல கட்டில் இல்லையா?"

"வீட்டுலயும் ஒருநாள் மத்தியானம் படுத்தேன். 'பிள்ளை இப்படிக் கிடக்குது, பெத்தவளுக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ'ன்னு ஹால்ல யாரோ போன்ல பேசிச் சிரிச்சது காதுல விழுந்திச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது அண்ணி."

கோமளாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மனுஷ ஜென்மமா அது? என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல! யாருன்னு சொல்லு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கறேன்."

ரயில் வந்து நின்றது. ரூபிணி ஏறிக்கொண்டு திரும்பினாள்.

"நீங்கதான் அண்ணி."