தோளில் எட்டு கிலோ

அந்தப் பெண் எடை மெஷினில் ஏறினாள்.

ஏறியதும் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர் பெஞ்சில் நான் இருந்தேன். கீமோ வார்டின் வராந்தா. காலை ஒன்பது மணி. மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் மூன்று ஊசிகள். வெள்ளை அணு குறைந்தால் போடுவது. என் மனைவிக்கு வாங்கியவை. அவள் போய் இருபத்து மூன்று நாளாகிறது. ஊசிகள் வேறு யாருக்காவது ஆகும் என்று பெனிட்டா சிஸ்டரிடம் கொடுக்க வந்திருந்தேன்.

அந்தப் பெண் பருமன். தலையில் நீலத் துணி. முள் தொண்ணூறைத் தொட்டு நடுங்கியது. அவள் விரல்கள் கணவனின் சட்டையில் அழுந்தின.

முள் இறங்கியது.

அந்த விரல்களை எனக்குத் தெரியும்.

முதல் கல்யாண நாளுக்கு என் மனைவிக்கு நான் கொடுத்த பரிசு, ஓர் எடை மெஷின்.

வேடிக்கைக்குத்தான். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு ஏறிப் பார்த்தாள். என் தோளை அழுத்தினால் முள் குறைகிறது என்பதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

"பாத்தீங்களா, எட்டு கிலோ போச்சு. இனிமே அத நீங்கதான் தூக்கணும்."

இந்த வராந்தாவில் அது விளையாட்டாக இல்லை.

அந்தப் பெண் ஏறி நிற்கும் இதே மெஷின்தான். பின்னால் பத்துப் பேர். எண்ணை சிஸ்டர் உரக்கச் சொல்வார். முதல் கீமோவன்று என் மனைவி என் தோளைப் பிடித்தாள். நான் அசையாமல் நின்றேன்.

எண்பத்தெட்டு, என்றார் பெனிட்டா சிஸ்டர்.

உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள் என்பது மூன்றாவது கீமோவில்தான் எனக்குத் தெரிந்தது. எம்.எஸ்ஸி. படித்தவன் நான். முதல் நாளே கேட்டிருக்கலாம்.

தெரிந்த பிறகும் விலகவில்லை.

முடி போயிருந்தது. ஒரு மார்பு போயிருந்தது. இந்த எட்டு கிலோவாவது அவள் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எட்டு கீமோ. எட்டு முறையும் மருந்து கொஞ்சம் குறைவாக இறங்கியது.

பதினான்கு மாதத்தில் நோய் திரும்பியது. உடம்பு பருமனாக இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்றார் டாக்டர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தான் ஏதோ தப்பு செய்தவள் போல.

தோளைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை சிகிச்சையில் முள் தானாகவே இறங்கிக்கொண்டு வந்தது. எழுபது. அறுபத்து நான்கு. அப்போதும் என் தோளைப் பிடித்தாள்.

நிற்க முடியாமல்.

"எண்பத்தி மூணு," என்றார் பெனிட்டா சிஸ்டர். நீலத் துணிப் பெண்ணின் எடையை எழுதக் குனிந்தார்.

"சிஸ்டர், அவங்கள கைய எடுக்கச் சொல்லுங்க."

என் குரல்தான்.

வராந்தா திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. கணவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

"உங்களுக்கென்ன சார் வந்துச்சு?" என்றான்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையை எடுத்தாள். முள் ஏறியது. தொண்ணூற்றொன்று.

இந்த முறை சிஸ்டர் எண்ணை உரக்கச் சொல்லவில்லை. எழுதியதை அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. புன்னகைக்க வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

மெஷினைப் பார்த்தார்.

அங்கிருந்து அவர் பார்வை மெதுவாக என் தோளுக்கு வந்தது.

எழுந்து போய் ஐஸ் பெட்டியை நீட்டினேன்.

அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.