பிண வேஷம்

"ஏலே, பெத்த அப்பனுக்குப் பொண வேசமாடா குடுப்ப? ஒனக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா?"

தோசைக் கரண்டியும் கையுமாக நின்றாள் ரோஸ்மேரி. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிற நிலைமையிலா அவள் இருந்தாள்?

"வேசந்தானம்மா," என்றான் மகன் ஆல்வின். "நெசமாவா சாகப் போறாரு?"

"வாயக் கழுவுடா! சாவு வாசலத் தொட்டுட்டுத் திரும்பி வந்த மனுசன். அவரப் போயி சவப்பெட்டியில படுக்க வைக்கிறேங்குறியே, ஊரு என்ன பேசும்?"

கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷ நாடகத்தை எழுதியதும் ஆல்வின்தான், நடத்துவதும் அவன்தான். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் கூலிக்கு உழைத்த ஒருவர், சொந்தமாகப் பட்டறை வைக்க ஆசைப்பட்டு, கடைசிவரை முடியாமலே செத்துப்போகிறார். அவர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டி பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். அழுகைக் கதை. அந்தப் பெட்டிக்குத்தான் ஆள் தேடி, வீட்டுக்குள்ளேயே பிடித்துவிட்டான் பயல்.

அந்தோணிராஜுக்கு நடிப்பென்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் கொடைரோட்டில் ரயிலேறி, சினிமாவில் நடிக்க மெட்ராசுக்குப் போனவர். மூன்றே மாதத்தில் வயிறு ஒட்டித் திரும்பினார். சரி, கோயில் நாடகத்திலாவது கதாநாயகன் ஆகலாம் என்று பார்த்தால், அவருடைய ஞாபகசக்தியே அவருக்கு எதிரியாகிவிட்டது. நாடகத்தில் அத்தனை பேர் வசனமும் அவருக்கு மனப்பாடம். "நீ மேடையேறிட்டா, மறந்தவனுக்கு எடுத்துக் குடுக்க ஆரு இருக்கா?" என்று சொல்லிச் சொல்லியே, நாடகக் குழுத் தலைவர் சூசை அவரை முப்பது வருஷம் பக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். மேடையில் கர்ஜித்த ராஜாக்கள் எல்லாம் இவர் வாயைப் பார்த்துத்தான் கர்ஜித்தார்கள். இப்போது அந்த வேலையும் சூசை கைக்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது பிண வேஷம்!

"ஒரு போலீசு, ஒரு சாமியாரு... சும்மா வந்து நின்னுட்டுப் போற வேசம் ஒண்ணுகூட இல்லியாடா?"

"நின்னுட்டுப் போறதுக்கா எங்கப்பா இம்புட்டு வருசம் காத்துக் கெடந்தாரு?"

"ஆமா, படுத்துட்டுப் போறதுக்குத்தான் காத்துக் கெடந்தாரு!" என்று சீறியவள் புருஷனிடம் திரும்பினாள். "நீங்களாச்சும் மாட்டேன்னு தலையாட்டுங்களேன்!"

அந்தோணிராஜ் சிரித்தார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, மகன் கையிலிருந்த நாடக நோட்டை வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு வசனத்துக்கும் உதடுகள் அசைந்தன.

"ரோசங்கெட்ட மனுசன்," என்று முணுமுணுத்த ரோஸ்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிணத்துக்கு ஏது வசனம்? பாவம், எதைப் படிக்கிறார் இவர்?

திருவிழா அன்று, நாடகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்னவள்தான் முதல் வரிசையில் பாய் விரித்து இடம் பிடித்தாள். உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடினாள். நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த சம்பங்கி மாலையை ஆல்வின் அப்பாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்துடா, கழுத்துல அமுக்காமத் தளர்த்திப் போடு," என்று சொல்லிவிட்டு, புருஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்துவிட்டாள்.

மாலைப் பூசை முடிந்து கூட்டம் நிறைந்தது. மைக்கில் சூசையின் குரல் வந்தது.

"இன்றைய நாடகத்தின் கதாநாயகன், நமது பங்குக் கோயிலின் மூத்த கலைஞர் அந்தோணிராஜ்!"

"பொணமாப்பா கதாநாயகன்?" என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. ரோஸ்மேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. மானத்தை வாங்கிவிட்டானே மகன்!

திரை விலகியது. மேடை நடுவில் பெட்டி. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், மேடைக்கு வந்தவர்கள் எல்லாம் பேசியது அந்தப் பெட்டியிடம்தான். மூத்த மகன் அதைப் பார்த்துத் திட்டினான். மகள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் ஒருவர் கண்ணும் வேறு பக்கம் போகவில்லை. நடுவில் ஓர் ஈசல் அந்தோணிராஜின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. மனிதர் இமைகூட அசைக்கவில்லையே!

"ஆத்தாடி, என்னா நடிப்பு!" என்றாள் பக்கத்திலிருந்த ஆரோக்கியம்மாள்.

"பின்ன? ஆரு வீட்டு மனுசன்!" என்று சொல்லிவிட்டாள் ரோஸ்மேரி. கோபத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசிக் காட்சி. இளைய மகனாக நடித்த ஆல்வின் ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தான்.

"அப்பா! ஒரே ஒரு வார்த்தை பேசுங்கப்பா! ஒங்க கொரலக் கேட்டு ரெண்டு வருசமாச்சுப்பா!"

கதைப்படி அந்தப் பட்டறைத் தொழிலாளி செத்தது அன்று காலையில்தான். பக்கத் திரைக்குப் பின்னால் சூசை பதறிப்போய் நோட்டைப் புரட்டினார். அப்படி ஒரு வசனம் அதில் இல்லை. பெட்டிக்குள் பிணத்தின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தொண்டைப் புற்றோடு சேர்த்து அந்தோணிராஜின் குரலையும் மதுரை ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேச முடியாத அப்பாவைக் கதாநாயகன் ஆக்குவதற்காகவே மகன் கதாநாயகனைப் பிணமாக எழுதியிருக்கிறான் என்பது ரோஸ்மேரிக்கு அப்போதுதான் புரிந்தது.