முகத்தைத் திருப்பும் அசைவு

"என்னடி, கொசு அடிக்கிறியா?"

அண்ணன் உதடு அசையாமல் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

கராத்தே தேர்வில் நான் அவனுடைய எதிரி. அவனோடு பயிற்சி செய்யும் நண்பன் காலைச் சுளுக்கிக்கொண்டதால் காலையில்தான் என்னை எதிரியாக்கினான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவள். எப்போது கூப்பிட்டாலும் கிடைப்பேன்.

ரப்பர் விரிப்பில் என் உள்ளங்கால் வியர்த்து வழுக்கியது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அண்ணி.

கட்டா என்பது அடியும் தடுப்புமாகக் கோத்த அசைவு வரிசை. அதைத் தனியாகத்தான் செய்வார்கள். எதிரே ஆளே இருக்காது, காற்றோடுதான் சண்டை. ஆனால் கறுப்பு பெல்ட் தேர்வில் மட்டும், எந்த அசைவு எந்த அடிக்கு என்று பெரிய மாஸ்டர் கேட்பார். ஆளை நிறுத்திச் செய்து காட்ட வேண்டும். மற்றதையெல்லாம் அண்ணன் காட்டிவிட்டான். ஒன்றுதான் பாக்கி.

ஒரு கை பின்னந்தலைக்குப் போகும். மறு கை மடங்கி முகத்துக்கு முன்னால் வரும். முகம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

போன இரண்டு முறையும் இதில்தான் கோட்டை விட்டான். மேலிருந்து இறங்கும் தடியைத் தடுப்பது என்று, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்.

"தடி வருது. நீ செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பியா?" என்று பெரிய மாஸ்டர் கேட்க, கூடமே சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தேறினால் இங்கேயே வகுப்பெடுக்கும் வேலை. வேலை கிடைத்துவிட்டால் அவன் ஒரு நிலைக்கு வந்துவிடுவான், வீட்டில் நிம்மதி வந்துவிடும் என்று அம்மா அண்ணியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணி அதை நம்பித்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகளைக் கோத்து இறுக்கியிருந்தாள்.

"சொல்லு தம்பி. இது எதுக்கு?"

அண்ணன் விரிப்பையே பார்த்தான். காதோரம் வியர்வை இறங்கியது. மெதுவாக, யோசித்தபடியே அந்த அசைவைச் செய்தான். மறுபடியும் செய்தான். பாதியில் நின்றான்.

வீடு முழுக்கத் தேடிய சாவி சட்டைப் பையிலேயே இருந்ததைக் கண்டவன் போல அவன் முகம் மாறியது.

என் பக்கம் திரும்பினான்.

"குத்த வேணாம். கிட்ட வா. இடது கையால என் முடியப் பிடி. வலது கையால அறை."

ஒட்ட வெட்டிய தலை. விரலுக்கு எதுவும் சிக்கவில்லை.

"பின்னல் இருக்கிற மாதிரி நெனச்சுக்க."

கூடம் கலகலவென்று சிரித்தது. "ரிப்பன் வேணுமாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நுனியப் பிடிக்காத, நழுவிடும். கழுத்துகிட்டப் பிடி. கையில ஒரு சுத்து சுத்திக்க. ஆங், இப்ப கீழ இழு."

மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட அவனே என் கையைப் பிடித்துத் திருத்தினான். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தான்.

இல்லாத பின்னலைச் சுற்றிப் பிடித்து, இழுத்து, அறைந்தேன்.

அவன் ஒரு கை தானாகப் பின்னந்தலைக்குப் போய் என் பிடியை அமுக்கியது. மறு கை மடங்கி முகத்துக்கு முன்னால் வந்தது. என் அறை அவன் முழங்கையில் பட்டு எனக்குத்தான் வலித்தது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

கட்டாவில் இருப்பது அப்படியே வந்திருந்தது. ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

"நில்லு! அப்படியே நில்லு!" பெரிய மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எல்லாரும் பாத்துக்குங்க. முடியப் பிடிச்சு இழுத்து அடிச்சா மனுஷ உடம்பு தானாவே இப்படித்தான் செய்யும். எத்தனை வருஷமா கேக்குறேன், ஒருத்தன் வாயத் தொறக்கல. எந்தப் புத்தகத்துலடா புடிச்ச?"

"புத்தகம் இல்ல மாஸ்டர். பாத்துப் பாத்துத் தோணிச்சு."

"பெண்கள் வகுப்ப நீயே எடு. மொதப் பாடமே இதான்."

கைத்தட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அண்ணியும் தட்டினாள்.

காதோடு கத்தரித்த அவள் முடி அந்தத் தட்டலுக்கு ஆடியது. இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னலைப் போன மாதம்தான் வெட்டிக்கொண்டு வந்தாள். கொட்டுகிறது என்று சொன்னாள். அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் மேலே மாடிக் கூடத்தில் பெரிய மாஸ்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே, குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவில், அண்ணி வாரை மாட்டுவது போல என் பக்கத்தில் குனிந்தாள்.

"பெரியவரு பாதியில நிறுத்திட்டாரே. கைய வெச்சதுக்கு அப்புறம் என்ன வரும்?"

மொட்டை மாடியில் அவன் செய்வதைத் துணி காயப்போட்டபடி பார்த்தே எனக்கு முழுக் கட்டாவும் பாடம். சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. தலையில் இருக்கும் கையை விடாமல் அழுத்திக்கொண்டு, ஒரு எட்டு உள்ளே வைத்து, முழங்கையால் தாடையில். காட்டினேன்.

அண்ணி மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள். "மெதுவா."