பழைய வருஷத்துக்கு முதல் அடி

ஜனாதிபதியைத் தோளில் தூக்கி வந்து, நடுத்தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார் எலூத்தேரியோ. தலை சாய்ந்தது. தாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

தெரு வாயடைத்துப் போனது.

மரத்தூள் அடைத்த துணிப் பொம்மைதான். ஆனால் அந்த மூக்கும், பேசுவதற்கு முன்னால் ஒரு பக்கமாகக் கோணும் உதடும் அச்சு அசல் அவனேதான்.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தால் குவாயாகில் நகரத்தில் தெருவுக்குத் தெரு இதுதான் வேலை. நாற்காலியில் இருக்கிறவனைப் பொம்மையாகச் செய்து, வாயார வைது, பெல்ட்டால் விளாசி, கடைசியில் கொளுத்திப் பழைய வருஷத்தை அனுப்பி வைப்பார்கள். இந்தத் தெருவுக்குப் பொம்மை செய்வது எப்போதும் எலூத்தேரியோ. பஸ் ஓட்டிய காலத்திலிருந்து எத்தனையோ ஜனாதிபதிகளைச் சாம்பலாக்கிய கை அது.

இந்த வருஷம்தான் சிக்கல். ஜனாதிபதி அவர் பெற்ற பிள்ளை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும், செய்ய மாட்டார் என்றுதான் தெருவில் பேச்சு. செய்வோமா மாட்டோமா என்று அவருக்கே தெரியவில்லை. போன வாரம் டிவியில் மகன் ரமீரோவிடம் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். "என்னைப் பற்றி வரலாறு தீர்ப்பு சொல்லட்டும்" என்றான். எலூத்தேரியோ டிவியை அணைத்துவிட்டு மரத்தூள் வாங்கப் போனார். வரலாறு வந்து சேர நாளாகும். டிசம்பர் முப்பத்தொன்று வியாழக்கிழமையே வந்துவிடும்.

பையன் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலைப் பக்கம் பாலம் கட்டினான், ஆஸ்பத்திரி கட்டினான். ஓட்டுக் கேட்டு வந்தபோது இதே தெருவில் நின்று கையடித்துச் சொன்ன குழாய் மட்டும் வரவில்லை. இன்னும் லாரித் தண்ணீர்தான்.

அப்பா பொம்மை செய்கிற சேதி ஜனாதிபதி மாளிகைக்கும் எட்டியிருக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் வரும் போன், இந்த ஞாயிறு வரவில்லை. அடித்தால் பிள்ளை போய்விடுவான். அடிக்காவிட்டால் தெரு போய்விடும்.

பொம்மைக்குப் பெண்டாட்டிகள் வேண்டுமே. கறுப்புக் கவுனும் முக்காடும் மாட்டி, மார்பில் பலூன் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் விதவைகளாக வந்து சேர்ந்தார்கள். "ஐயோ என் ராசா!" என்று மாரடித்து, போகிற வண்டியை எல்லாம் மறித்துச் சில்லறை பிடுங்கினார்கள். இந்த வருஷம் வேற்றுத் தெரு விதவைகளும் கலந்திருந்தார்கள். அதில் ஒரு நெட்டை விதவை பொம்மையின் காலடியை விட்டு நகரவே இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு தடி விதவைகள், ஒருவரிடமும் காசு கேட்காமல் கூரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுங்கல்லாம் ஒரு விதவையா? அழக்கூடத் தெரியல" என்றாள் வறுத்த மீன் விற்கும் செனாய்தா. "புருஷன் போன துக்கமே இல்லாம காக்காய எண்ணிக்கிட்டு நிக்குதுங்க!"

சாகப் போகிற வருஷம் உயில் சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும். அதையும் பொம்மை செய்தவரே சொல்ல வேண்டும். எலூத்தேரியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, மகனைப் போலவே கையை நீட்டிப் பேசினார்.

"என் தெரு சனங்களே! பாலத்த மலைக்காரங்களுக்கு எழுதி வச்சிட்டேன். உங்களுக்குத் தண்ணி லாரியோட ஹாரன் சத்தம். சண்டை போடாம பங்கு பிரிச்சுக்கங்க."

சிரிப்பு வெடித்தது. நெட்டை விதவையின் முக்காடும் குலுங்கியது.

அடுத்தது முதல் அடி. அதையும் பொம்மை செய்தவரே போட வேண்டும். எலூத்தேரியோ இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார்.

கை எழவில்லை.

பொம்மைக்கு வீட்டுப் பழைய துணியைத்தான் போட வேண்டும். போட்டிருந்தது, ரமீரோ கல்லூரிக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த மரியாதைதான் அவரை இன்னும் கொன்றது.

நெட்டை விதவை எழுந்தாள். அவர் கையிலிருந்து பெல்ட்டை வாங்கிக்கொண்டாள்.

"அப்படிப் போடு! கட்டுனவளே மொத அடி அடிக்கட்டும்!" என்று கத்தினாள் செனாய்தா.

விதவை பக்கிளை உள்ளங்கைக்குள் வைத்து மூடி, அதன் மேல் பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். வெறும் தோல் மட்டும் தொங்கியது.

எலூத்தேரியோவின் பார்வை அந்தக் கையிலேயே நின்றுவிட்டது.

பெல்ட்டை அப்படிப் பிடிப்பது அவர் வழக்கம். அடித்தே ஆகவேண்டிய நாட்களில், இரும்பு பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதென்று பக்கிளைக் கைக்குள் ஒளித்துக்கொள்வார். பெண்டாட்டிக்குக்கூட அது தெரியாது. அடி வாங்கியவனுக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தார்.

அவர் ஓர் அடி நெருங்கினார். தடி விதவைகள் இரண்டு பேரும் சட்டென்று முன்னால் வந்தார்கள். நெட்டை விதவை கையசைத்ததும் நின்றார்கள்.

முக்காட்டுக்குள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

ஒரு நாட்டையே ஆள்கிறவன், மார்பில் பலூனைக் கட்டிக்கொண்டு, இந்தப் புழுதியில் தன் தீர்ப்பைக் கேட்க வந்து நிற்கிறான். கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

தெரு காத்துக்கொண்டிருந்தது. சுவரோரம் காலிக் குடங்கள் வரிசையில் நின்றன.

அவர் முக்காட்டருகே குனிந்தார்.

"பக்கிள் வெளிய இருக்கட்டும்டா, ரமீரோ."

விதவை அவரையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள்.